அடுத்த வேளை என்ற கவலை

1946ஆம் ஆண்டு ஜூன் மாதம். போர் முடிந்து ஓராண்டுகூட நிறையவில்லை. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் பகுதியில் ஒரு சரக்குக் கிடங்கைச் சீர்செய்து, 'மக்கள் உணவகம்' என்ற பெயரில் சாப்பாட்டுக்கூடம் ஒன்றைத் திறந்தார்கள். ஒரு வேளைச் சாப்பாடு 35 காசு. அதை நடத்தியது, அதே மாதம் பிறந்த அரசாங்கச் சமூகநலத் துறை. ஜப்பானிய ஆட்சியின் மூன்றரை ஆண்டுகளை மரவள்ளிக் கிழங்கையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் தின்றே கடந்துவந்த ஊருக்கு, மலிவான விலையில் ஒரு தட்டுச் சோறு என்பது அன்று பெரிய செய்தி.

அந்த ஆண்டுகளில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இன்று வயது 80ஐத் தாண்டிவிட்டது. சிறுவயதுப் பசி அந்த வயதோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு அறிவியலில் சான்று உண்டு. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தைப் பஞ்சம் தாக்கியது. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, கடுமையான மனநிலைக் கோளாறுகள் அவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. பசிக்கும் மனத்துக்கும் இடையே உள்ள உறவு நீண்டது, ஆழமானது. அந்த உறவு மிகக் கூர்மையாக வெளிப்படும் பருவம் முதுமை. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

தேக்காவிலும் பசி உண்டு

சிராங்கூன் சாலையில் நடப்பவருக்குச் சிங்கப்பூரில் பசி இருக்கிறது என்றால் நம்பத் தோன்றாது. 1947 முதல் இட்லியும் தோசையும் பரிமாறும் கோமள விலாஸ் ஒரு பக்கம். பஃபலோ சாலை முனையில் 1982இல் எழுந்த தேக்கா நிலையம் இன்னொரு பக்கம். கீழே ஈரச்சந்தையில் ஆட்டிறைச்சியும் மீனும் முருங்கைக்காயும் குவிந்திருக்க, உணவங்காடியில் பிரியாணி வாசம் காற்றோடு வரும். உலகின் செல்வச் செழிப்புமிக்க நகரங்களில் ஒன்று இது.

ஆனால் 2019இல் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் லீன் சமூகப் புத்தாக்க நிலையம் நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடத்தியது. கேட்டுக்கொண்டது சிங்கப்பூர் உணவு வங்கி. முடிவு 2020இல் வெளிவந்தது: அதற்கு முந்திய 12 மாதங்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு குடும்பம், ஒரு முறையாவது போதிய உணவோ சத்தான உணவோ கிடைக்காத நிலைக்கு வந்திருந்தது. அந்தக் குடும்பங்களில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் உணவு உதவியை நாடியிருந்தன. மற்றவர்கள் ஏன் கேட்கவில்லை? உதவி இருப்பதே தெரியாது என்றார்கள் சிலர். கேட்க வெட்கம் என்றார்கள் சிலர். தங்களைவிட மோசமான நிலையில் இருப்பவர்களுக்கு அது போய்ச் சேரட்டும் என்றார்கள் வேறு சிலர்.

இந்த மூன்றாவது காரணத்தைத்தான் மூத்தோர் வாயில் அதிகம் கேட்கலாம். "எனக்கென்ன, ஒரு ரொட்டி, ஒரு காப்பி போதும்" என்று சொல்லும் பாட்டியையும் "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது" என்று சொல்லும் தாத்தாவையும் அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. அவர்கள் குறை சொல்வதில்லை. அதனாலேயே கணக்கெடுப்புகளில் அவர்களின் பசி குறைவாகப் பதிவாகிறது.

பணக் கணக்கைப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். 2019இல் சமூக ஆய்வாளர்கள் இங் கோக் ஹோ, தியோ யூ யென் ஆகியோரின் குழு, ஒருவர் கண்ணியமாக வாழ மாதம் எவ்வளவு வேண்டும் என்று சாதாரண மக்களையே கூட்டி உட்காரவைத்துக் கேட்டது. 65 வயதைத் தாண்டித் தனியாக வாழும் ஒருவருக்கு 1,379 வெள்ளி என்பது அந்தக் கலந்துரையாடல்களில் உருவான விடை. சோறு, துணி, கூரை மட்டும் போதாது, மதிப்பும் பாதுகாப்பும் நாலு பேரோடு கலந்து பழகும் வாய்ப்பும் அடிப்படைத் தேவைகளே என்றனர் பங்கேற்றவர்கள். வாழ்நாளில் குறைவாகச் சம்பாதித்த மூத்தோருக்காக 2016இல் அரசாங்கம் தொடங்கிய 'சில்வர் சப்போர்ட்' திட்டம் அப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை 300 முதல் 750 வெள்ளி வரை கொடுத்தது. 2025 முதல் அதன் உச்சவரம்பு 1,080 வெள்ளி, அதாவது மாதத்துக்கு 360. மத்திய சேமநிதியிலிருந்து வரும் தொகை, அரசாங்கத்தின் காம்கேர் உதவி, பிள்ளைகள் கொடுப்பது எல்லாம் சேர்ந்தால்தான் மீதி இடைவெளி நிரம்பும். இளமையில் துறைமுகத்திலும் கட்டுமானத் தளத்திலும் துப்புரவு வேலையிலும் நாள்கூலிக்கு உழைத்தவர்களுக்குச் சேமநிதியில் பெரிதாக எதுவும் தங்கியிருக்காது. இடைவெளி நிரம்பாத மாதத்தில் முதலில் கைவைக்கப்படுவது சாப்பாட்டில். வாடகையைக் குறைக்க முடியாது, மின்சாரக் கட்டணத்தைக் குறைக்க முடியாது. மீனைக் குறைக்கலாம், பழத்தைக் குறைக்கலாம், ஒரு வேளையையே குறைக்கலாம்.

எட்டுக் கேள்விகள்

பசியை எப்படி அளப்பது? நெடுங்காலம் கலோரியை எண்ணினார்கள், எடையைப் பார்த்தார்கள். 1980களின் கடைசியில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கேத்தி ராடிமர் என்ற ஆய்வாளர் வேறொரு வழியில் போனார். வறுமையை அனுபவித்த பெண்களிடம் நேரில் பேசினார். அவர்கள் வயிற்றைப் பற்றி மட்டும் பேசவில்லை. கையிருப்பு எப்போது தீரும் என்ற பதற்றம், பிடிக்காததைத் தின்ன வேண்டிய கட்டாயம், பிறர் முன் கைநீட்டும் அவமானம் என்று அவர்கள் அடுக்கியவற்றில் பாதி மனம் சார்ந்தவை. பசியை அளக்கும் முறையே அதன் பிறகு மாறியது.

ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2014 முதல் உலகெங்கும் பயன்படுத்தும் அளவுகோலில் எட்டுக் கேள்விகள் இருக்கின்றன. அவை ஒரு வரிசையில் கீழிறங்குகின்றன. போதிய உணவு இருக்காதோ என்று கவலைப்பட்டீர்களா? சத்தான உணவு சாப்பிட முடியாமல் போனதா? ஒரு சில வகைகளையே திரும்பத் திரும்பச் சாப்பிட்டீர்களா? ஒரு வேளையை விட்டீர்களா? வேண்டியதைவிடக் குறைவாகச் சாப்பிட்டீர்களா? வீட்டில் உணவு தீர்ந்துபோனதா? பசித்தும் சாப்பிடாமல் இருந்தீர்களா? ஒரு நாள் முழுதும் பட்டினி கிடந்தீர்களா?

முதல் கேள்வியைக் கவனியுங்கள். அது கவலையைப் பற்றியது. தட்டில் சோறு குறைவதற்கு முன்பே, அடுத்த வேளை நிச்சயமில்லை என்ற எண்ணம் தலைக்குள் குடியேறிவிடுகிறது. உணவுப் பாதுகாப்பின்மை என்பது அங்கேதான் தொடங்குகிறது. பட்டினி அதன் கடைசிப் படி.

இந்தக் கேள்விகள் 2014இல் உலகளாவிய கேலப் கருத்துக்கணிப்பில் இடம்பெற்றன. ஆண்ட்ரூ ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் 149 நாடுகளின் விடைகளை மனநலக் கேள்விகளோடு ஒப்பிட்டு 2017இல் வெளியிட்டார். உணவுப் பாதுகாப்பின்மை ஒரு படி கூடினால் மனநலம் ஒரு படி தாழ்ந்தது. வருமானம், கல்வி போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் அந்த உறவு அப்படியே நின்றது. உலகின் எந்த வட்டாரமும் விதிவிலக்காக இல்லை. 2020இல் 10 நாடுகளைச் சேர்ந்த மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய 19 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது, உணவு உறுதியில்லாதவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 40% கூடுதலாக இருந்தது. 65 வயதைத் தாண்டியவர்களை மட்டும் தனியாக எடுத்தால் அந்தக் கூடுதல் 75%.

முதியவர்களிடம் இந்த உறவு ஏன் இவ்வளவு கூர்மையாகிறது? விடையைத் தேட உடலுக்குள் போக வேண்டும்.

வயதான உடலும் குறைந்த தட்டும்

பசி மனத்தை என்ன செய்யும் என்பதை மிக நெருக்கமாகப் பார்த்த சோதனை 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்தது. போரிட மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் அவர்களுக்கு 24 வாரம் அரைவயிற்று உணவு கொடுத்தார். எடையில் கால்வாசி போயிற்று. அதோடு நிற்கவில்லை. கலகலப்பானவர்கள் மௌனமானார்கள். சிறு சத்தத்துக்கும் எரிச்சல் வந்தது. நண்பர்களோடு பேசப் பிடிக்கவில்லை. மனச்சோர்வு பரவியது. நினைவெல்லாம் சாப்பாட்டைச் சுற்றியே சுழன்றது. நல்ல உடல்நலமும், சோதனை ஒரு நாள் முடியும் என்ற உறுதியும் இருந்த இளைஞர்களின் கதி இது. முதுமையில் இந்த இரண்டும் இல்லை.

வயதாக ஆகப் பசி தானாகவே மங்குகிறது. 1988இல் ஜான் மார்லி என்ற முதியோர் மருத்துவ அறிஞர் இதற்கு 'முதுமைப் பசியின்மை' என்று பெயர் வைத்தார். நாக்கின் சுவையும் மூக்கின் மோப்பமும் குறைகின்றன. உணவு இரைப்பையிலிருந்து மெதுவாக இறங்குகிறது. வயிறு நிறைந்ததாக மூளைக்குச் சொல்லும் சுரப்புகள் ஓங்கி ஒலிக்கின்றன. பல் விழுந்தவர் கடலையையும் இறைச்சியையும் காய்கறியையும் தவிர்த்துக் கஞ்சிக்கும், காப்பியில் நனைத்த ரொட்டிக்கும் மாறுகிறார். இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பசி குறைந்தாலும் புரதத்தின் தேவை குறைவதில்லை, கூடுகிறது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் முதியவர்களுக்கு வேண்டும் என்று 2013இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று பரிந்துரைத்தது. 50 கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டிக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். ஊறுகாயோடு குடிக்கும் ஒரு கிண்ணம் கஞ்சியில் அதுவும் இல்லை. தசை கரைகிறது, நடை தளர்கிறது, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வெளியே போவது நிற்கிறது.

பிறகு வைட்டமின் பி12. மீன், முட்டை, பால், இறைச்சியில் மட்டுமே இயல்பாகக் கிடைக்கும் இந்தச் சத்து, நரம்புகளுக்கும் மூளைக்கும் இன்றியமையாதது. காசு தட்டும்போது முதலில் தட்டைவிட்டுப் போகும் பொருள்களும் இவைதாம். முதுமையில் இரைப்பை அமிலம் குறைவதால் சாப்பிட்டதிலிருந்தும் பி12 சரியாக உறிஞ்சப்படுவதில்லை. நீரிழிவுக்கு உலகெங்கும் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்கும் அது குறையலாம். பி12 குறைந்தால் களைப்பு, மறதி, எரிச்சல், மனச்சோர்வு எல்லாம் வரும். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் விட்டுவிடும் பல அறிகுறிகள் ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் பிடிபடக்கூடியவை.

நீரிழிவு என்றதும் சிங்கப்பூர்த் தமிழர் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். நாட்டின் பெரிய இனங்களில் நீரிழிவு விகிதம் மிக அதிகமாக இருப்பது இந்தியர்களிடம். சிலவகைச் சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போய்விடலாம். கலிஃபோர்னியாவில் 2000 முதல் 2008 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்த ஹிலரி செலிக்மன் குழு, வருமானம் குறைந்த வட்டாரங்களில் இப்படிச் சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனையில் சேர்வோர் மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27% கூடுவதைக் கண்டது. வசதியானவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. மாதக் கடைசியில் பணம் தீர்கிறது, உணவு தீர்கிறது, மாத்திரை மட்டும் மிஞ்சுகிறது.

இவை அனைத்துக்கும் மேலாக இருப்பது ஓயாத கவலை. நாள்தோறும் நீளும் கவலையில் கார்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பு உயர்ந்தே நிற்கிறது. தூக்கம் கெடுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தவர் கூரையைப் பார்த்துக் கிடக்கிறார். தூக்கம் கெட்டால் மனம் சோர்கிறது. மனம் சோர்ந்தவருக்குப் புளோக்கின் கீழே இறங்கிக் கடைக்குப் போகத் தோன்றாது, அடுப்பைப் பற்றவைக்கத் தோன்றாது, "சாப்பாடு இறங்க மாட்டேங்குது" என்பார். சாப்பிடாததால் இன்னும் சோர்கிறார். செக்குமாடு போல இந்தச் சுற்று ஓரிடத்தையே சுற்றிவருகிறது. எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை வந்துவிடுகிறது.

மருத்துவக் கருவிகளோ இரண்டையும் பிரித்தே பார்க்கின்றன. முதியோர் மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் அளவுகோலை 1980களின் தொடக்கத்தில் ஜெரோம் யெசாவேஜ் குழு உருவாக்கியது. அதில் பசி, எடை, உடல்வலி போன்ற கேள்விகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். வயதானாலே இவை மாறும், அவற்றை மனச்சோர்வின் கணக்கில் சேர்த்தால் குழப்பம் வரும் என்பது காரணம். அறிவியல் முறைப்படி அது சரியான முடிவு. ஆனால் அந்தக் கேள்வித்தாளை மட்டும் கையில் வைத்திருப்பவர், முதியவரின் சமையலறை காலியாக இருப்பதை அறியமாட்டார். உணவுப் பொட்டலம் கொண்டுவருபவரோ, அவர் ஏன் பத்து நாளாகச் சிரிக்கவில்லை என்று கேட்பதில்லை.

ஏழை நாடுகளில் முதுமை

2023இல் பொருளியலறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் இடம்பெற்ற குழு ஒன்று பல நாடுகளின் கணக்கெடுப்புகளை அடுக்கிப் பார்த்தது. அமெரிக்காவில் வயது ஏறும்போது மனச்சோர்வின் அடையாளங்கள் அப்படி ஒன்றும் ஏறவில்லை. ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் 55 வயதுக்குப் பிறகு அவை விறுவிறுவென்று ஏறின. தமிழ்நாட்டில் தனியாக வாழும் முதியோரைப் பற்றிய தகவல்களும் அந்த ஆய்வில் உண்டு. ஓய்வூதியம் இல்லாத உழைப்பு, கணவனை இழந்த தனிமை, ஊரைவிட்டுப் போன பிள்ளைகள், உடம்பு மக்கர் செய்தாலும் வயலுக்கோ கட்டட வேலைக்கோ போக வேண்டிய கட்டாயம் என்று, வயதோடு வரும் ஒவ்வோர் இழப்பும் அங்கே நேராகச் சோற்றுப் பானையில் போய் முட்டுகிறது.

இந்தியாவில் 45 வயதைத் தாண்டிய 72,000க்கும் மேற்பட்டோரிடம் 2017–18இல் நடத்தப்பட்ட முதுமை குறித்த நெடுங்கால ஆய்வின் முதல் சுற்று, பசியின் வடிவம் மாறியிருப்பதைக் காட்டியது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஒரு நாள் முழுதும் சாப்பிடாமல் இருந்ததாகச் சொன்னவர்கள் சுமார் 4%. சாப்பாட்டின் அளவைக் குறைத்ததாகச் சொன்னவர்கள் சுமார் 6%. ஆனால் தமக்கு விருப்பமான உணவு போதிய அளவு கிடைக்கவில்லை என்றவர்கள் ஏறத்தாழ 40%. ரேஷன் அரிசி உயிரைக் காப்பாற்றுகிறது; அதற்கு மேல் தட்டில் ஏறவேண்டியவை ஏறவில்லை. அதே ஆய்வில், உணவு உறுதியில்லாத முதியோரிடம் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது.

தமிழ்நாடு 1962இலேயே முதியோர் உதவித்தொகையைத் தொடங்கிய மாநிலம். அன்று மாதம் 20 ரூபாய். 2011இல் 1,000 ஆகி, 2023இல் 1,200 ஆனது. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்களில் இட்லி ஒரு ரூபாய்க்கும் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்க்கும் கிடைத்தன. வீட்டில் சமைக்கத் தெம்பில்லாத எத்தனையோ முதியவர்களின் காலைப்பொழுதை அந்த விலைப்பட்டியல் தாங்கியது.

சிங்கப்பூரின் இந்திய மூத்தோர்

சிங்கப்பூர் ஏழை நாடல்ல. ஆனாலும் அதன் மூத்தோரில் ஒரு பகுதியினர் வாழும் வாழ்க்கையில் ஏழை நாடுகளின் அதே அம்சங்கள் தென்படுகின்றன: சேமிப்பில்லாத முதுமை, தனிமை, வெட்கம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஓரறை வாடகை வீட்டில், தனியாளுக்கான திட்டத்தில், முன்பின் தெரியாத இன்னொருவரோடு பங்கு போட்டுக்கொண்டு வாழ்பவர்கள் உண்டு. அடுப்பு ஒன்று, குளிர்பதனப் பெட்டி ஒன்று, மனிதர் இருவர். உடன் தங்கியிருப்பவரோடு ஒத்துப்போகாவிட்டால் சமைப்பதே நின்றுபோகும்.

மனநலக் கழகத்தின் மைதிலி சுப்பிரமணியம் தலைமையிலான குழு, 60 வயதைத் தாண்டிய 2,565 பேரை நேரில் கண்டு நடத்திய ஆய்வை இங்கே குறிப்பிட வேண்டும். மனச்சோர்வு நோய் 3.7% பேரிடமும், நோயின் எல்லையைத் தொடாத ஆனால் அதன் அடையாளங்கள் கொண்ட நிலை 13.4% பேரிடமும் இருந்தன. சீன மூத்தோரோடு ஒப்பிட்டால் மனச்சோர்வுக்கான சாத்தியம் மலாய் மூத்தோருக்குச் சுமார் 3 மடங்கு; இந்திய மூத்தோருக்குச் சுமார் 5 மடங்கு.

ஐந்து மடங்கு என்ற எண்ணைத் தமிழ்ச் சமூகம் கடந்துபோய்விடக் கூடாது. நம் வீட்டுப் பெரியவர்கள் "மனச்சோர்வு" என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. "மனசு சரியில்ல", "ஒண்ணும் புடிக்கல", "உடம்பெல்லாம் வலி" என்பார்கள். மருந்தகத்துக்குப் போனால் முழங்கால் வலிக்குத் தைலம் கிடைக்கும். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "சாப்பிட்டாச்சு." அந்தப் பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, யாரோட சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் மட்டுமே உண்மை மெல்ல வெளியே வரும்.

எது பலன் தருகிறது?

மூன்று வழிகளுக்கு நல்ல சான்று இருக்கிறது.

முதலாவது, மாதாமாதம் தவறாமல் வரும் பணம். மெக்சிகோ 2007இல் கிராமப்புறங்களில் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு, அவர்கள் சந்தா எதுவும் கட்டியிருக்க வேண்டியதில்லை என்ற விதியோடு, ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கியது. அதை ஆராய்ந்தவர்கள், பெற்றவர்களின் மனச்சோர்வு மதிப்பெண் 12% குறைந்ததைக் கண்டார்கள். அது மருத்துவச் சிகிச்சை அல்ல, வெறும் பணம். அடுத்த மாதமும் வரும் என்ற நிச்சயமே அந்த எட்டுக் கேள்விகளில் முதல் கேள்வியை வெட்டிவிடுகிறது.

இரண்டாவது, உணவோடு வரும் மனிதர். அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேலி தாமஸ் 2015இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு நகரங்களில் வீட்டு உணவுக்காகக் காத்திருந்த 600க்கும் மேற்பட்ட முதியோர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு நாள்தோறும் சூடான உணவை ஒருவர் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். இன்னொரு குழுவுக்கு வாரம் ஒரு முறை உறைய வைத்த உணவு மொத்தமாகப் போனது. மூன்றாவது குழு காத்திருப்புப் பட்டியலிலேயே இருந்தது. பதற்றமும் தனிமை உணர்வும் நன்றாகக் குறைந்தது, நாள்தோறும் ஒரு முகத்தைப் பார்த்தவர்களிடம். சிங்கப்பூரில் டோனி டே 2003இல் தொடங்கிய வில்லிங் ஹார்ட்ஸ் சமையற்கூடம் நாளுக்குச் சுமார் 5,000 பேருக்கு உணவு அனுப்பும் அளவுக்கு வளர்ந்தது. அதற்காக 2017இல் டோனி டே ரமோன் மகசேசே விருதும் பெற்றார். விடியுமுன் வந்து வெங்காயம் உரித்துக் கோழி நறுக்கும் தொண்டூழியர்களின் உழைப்பு அது. அந்தப் பொட்டலத்தைக் கதவில் மாட்டிவிட்டுப் போகாமல், கதவைத் தட்டி ஐந்து நிமிடம் நின்று பேசுபவர் மருத்துவம் பார்க்கிறார் என்றே சொல்லலாம்.

மூன்றாவது, சேர்ந்து உண்பது. ஜப்பானில் 65 வயதைத் தாண்டியவர்களை மூன்று ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, தனியாக வாழ்ந்து தனியாகவே உண்ணும் ஆண்களிடம் புதிதாக மனச்சோர்வு தோன்றும் வாய்ப்பு, தனியாக வாழ்ந்தாலும் பிறரோடு உண்பவர்களைவிட மிக அதிகம் என்று கண்டது. சேர்ந்து உண்பவர் அதிகம் உண்கிறார், பலவகை உண்கிறார். வராத நாளில் "அவரை ஏன் காணோம்?" என்று கேட்க ஆளும் இருக்கிறார்.

இந்த மூன்றாவது வழி நம் மரபில் ஏற்கெனவே இருக்கிறது. டௌனர் சாலையில் உள்ள மத்திய சீக்கியக் கோயிலின் லங்கர் பந்தியில் இனம், மதம் பாராமல் யாரும் உட்காரலாம். ரமலான் மாதத்தில் டன்லப் தெருவின் அப்துல் கஃபூர் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கிடைக்கும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் அன்னதானம் நடக்கும்போது வாழையிலைக்கு முன் யாரும் யாரையும் வருமானம் கேட்பதில்லை. சமூகநலத் திட்டங்கள் எவ்வளவு முயன்றும் தர முடியாத ஒன்றை அந்தப் பந்தி தருகிறது: வெட்கமில்லாத சோறு. அரசாங்கமும் 2023இல் அறிவித்த மூத்தோருக்கான தேசியத் திட்டத்தின் கீழ், துடிப்புடன் மூப்படையும் நிலையங்களில் சேர்ந்து சமைப்பதையும் சேர்ந்து உண்பதையும் ஊக்குவிக்கிறது.

இரண்டு கேள்விகள், ஒரு பந்தி

2024இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஐவரில் ஒருவர் 65 வயதை எட்டியவர். 2030இல் அது நால்வரில் ஒருவர் என்றாகிவிடும். காலம் குறைவு, செய்ய வேண்டியவை கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளவை.

அமெரிக்க மருந்தகங்கள் பலவற்றில் இரண்டே கேள்விகள் கேட்கிறார்கள். அடுத்த பணம் வருமுன் உணவு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டதுண்டா? வாங்கிய உணவு போதாமல் போய், மீண்டும் வாங்கப் பணமில்லாமல் இருந்ததுண்டா? ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தக் கேள்விகளைச் சிங்கப்பூரின் குடும்ப மருத்துவர்களும் பலதுறை மருந்தகங்களும், மூத்தோர் நிலையங்களில் மனநலம் விசாரிக்கும் ஒவ்வொருவரும், தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் கேட்க வேண்டும். உணவு கொண்டுபோகும் ஒவ்வோர் அமைப்பும் தன் தொண்டூழியர்களுக்கு மனச்சோர்வின் அடையாளங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டு வேலைகளையும் தனித்தனி மேசைகளில் வைத்திருக்கும்வரை முதியவர் இரண்டுக்கும் நடுவே விழுந்துகொண்டுதான் இருப்பார்.

கோயில்களுக்கும் சமூக அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. திருவிழா நாளில் ஆயிரம் இலை போடுவது நம்மால் முடிகிறது. விசேடம் எதுவுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மதியத்தில், அக்கம்பக்கத்து வாடகை புளோக்குகளில் தனியாக இருக்கும் முப்பது பெரியவர்களுக்கு ஒரு பந்தி போடுவதும் நம்மால் முடியும். முட்டையோ மீனோ பருப்போ தயிரோ அதில் இருக்கட்டும், மெல்லக் குழைய வெந்திருக்கட்டும், பரிமாறுபவர்கள் கூடவே உட்கார்ந்து சாப்பிடட்டும். வாரம் தவறாமல் நடக்கட்டும். ஏனென்றால் அடுத்த வாரமும் உண்டு என்று தெரிவதில்தான் பாதி மருந்து இருக்கிறது.

இதைப் படிப்பவருக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் அண்மையில் மெலிந்திருந்தால், பேச்சு குறைந்திருந்தால், முதலில் அவரோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுங்கள். பிறகு மருந்தகத்துக்குக் கூட்டிப்போய் பி12 அளவையும் மனநிலையையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். பண உதவிக்குக் காம்கேர் தொலைபேசி எண் 1800-222-0000. உயிரே வேண்டாம் என்ற அளவுக்கு மனம் உடைந்தவர்களுக்குச் சிங்கப்பூர் அபயக்கரச் சங்கத்தின் 1767 என்ற எண் இரவும் பகலும் திறந்திருக்கிறது.